பல்லில் படிந்த மேய்ச்சல்: செட்டிநாட்டில் ஐசோடோப் ஆய்வு செய்ய ஒரு முழு வழிகாட்டி

இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் சிவகங்கைச் சீமையில் மேய்ந்த ஒரு மாட்டின் கடைவாய்ப் பல் கையில் இருந்தால், அந்த மாடு கன்றாக இருந்தபோது வைக்கோல் தின்றதா, பொட்டல் புல் மேய்ந்ததா, கோடையில் வற்றிப்போன கண்மாயில் தண்ணீர் குடித்ததா என்று ஏறக்குறைய பருவவாரியாகச் சொல்லிவிடலாம். மனிதப் பல்லானால் நெல்லுச்சோறா, கேழ்வரகா என்ற கேள்விக்கு விடை தேடலாம். கல்வெட்டு எதுவும் இல்லாத காலத்துக்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைப்பது அரிது.

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், புதுக்கோட்டைப் பக்கம் வரலாறு, விலங்கியல், புவியியல் படிக்கும் முதுகலை மாணவர்களையும் அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். ஐசோடோப் அளக்கும் இயந்திரம் நம்மூரில் இல்லாவிட்டால் பரவாயில்லை. இந்த ஆய்வில் முக்கால்வாசி வேலை வயலிலும் தொழுவத்திலும் கறிக்கடையிலும்தான் நடக்கிறது. அந்த வேலையைச் சரியாகச் செய்யாமல் நேராக இயந்திரத்துக்குப் போனால் வெறும் எண்கள்தான் திரும்பி வரும்.

அடிப்படை, சுருக்கமாக

ஒரே தனிமத்தில் எடை மட்டும் வேறுபடும் அணு வகைகளுக்கு ஐசோடோப் என்று பெயர். கார்பன் அணுக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது கார்பன்-12. மீதி ஒன்று ஒரு நியூட்ரான் கூடுதலாக உள்ள கார்பன்-13. நைட்ரஜனில் 99.6 சதவீதம் நைட்ரஜன்-14, மிச்சம் நைட்ரஜன்-15. ஆக்சிஜனில் 0.2 சதவீதம் ஆக்சிஜன்-18. இவை கதிரியக்கத்தால் சிதைவதில்லை. அதனால்தான் நிலையான ஐசோடோப் என்கிறோம். காலத்தைக் கணிக்கும் கார்பன்-14 வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கனமான ஐசோடோப்புக்கும் இலேசானதற்கும் உள்ள விகிதத்தை உலகப் பொதுவான ஒரு தரப்பொருளோடு ஒப்பிட்டு, வரும் வித்தியாசத்தை ஆயிரத்தில் எத்தனை என்று எழுதுவார்கள். அதுதான் டெல்டா மதிப்பு, குறி ‰. கார்பனுக்கான தரம் பீ டீ பெலம்னைட் என்ற தொல்லுயிர்ச் சுண்ணாம்பை வைத்து வந்தது. நைட்ரஜனுக்குக் காற்று, நீருக்குக் கடல்நீர்.

தாவரங்கள் ஒளிச்சேர்க்கை செய்யும் வழி இரண்டு பெரும் வகைப்படும். நெல், பயறு வகைகள், எள், மரங்கள், செடிகொடிகள், பனை, தென்னை எல்லாம் சி3 வகை. அவற்றின் கார்பன் மதிப்பு சராசரியாக −27‰ பக்கம் இருக்கும். கேழ்வரகு, கம்பு, சோளம், வரகு, சாமை, தினை, குதிரைவாலி, கரும்பு எல்லாம் சி4 வகை. சராசரி −12, −13‰ பக்கம். இரண்டு கூட்டமும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதில்லை. தின்றவரின் எலும்பிலும் பல்லிலும் முடியிலும் இந்த வித்தியாசம் அப்படியே இறங்குகிறது. தமிழ்நாட்டுக்கு இது பெரிய வாய்ப்பு. நன்செய்த் தானியம் சி3, புன்செய்த் தானியங்கள் அத்தனையும் சி4. நம் சமூக வரலாற்றின் முக்கியமான பிளவுக் கோடு ஒன்று அப்படியே வேதியியல் கோடாகவும் அமைந்திருக்கிறது.

நம் மண்ணில் உள்ள சிக்கல்

இந்த முறை 1977-இல் வட அமெரிக்காவில் மக்காச்சோளம் எப்போது உணவானது என்று காட்டி வெற்றி பெற்றது. வோகல், வான் டெர் மெர்வே என்ற இருவர் செய்த வேலை. அடுத்து டினிரோ, எப்ஸ்டைன் இருவரும் 1978-இல் கார்பனுக்கும் 1981-இல் நைட்ரஜனுக்கும் விலங்குகளை வைத்துச் சோதித்து அடித்தளம் போட்டார்கள். ஆனால் அமெரிக்காவின் அந்த வடகிழக்குக் காட்டுப் பகுதியில் மற்ற உணவெல்லாம் பெரும்பாலும் சி3. சி4 மதிப்பு வந்தால் அது மக்காச்சோளம் என்று துணிந்து சொல்லலாம்.

இங்கே அப்படிச் சொல்ல முடியாது. வெயில் காயும் நம் பொட்டலில் முளைக்கும் புல்லில் பெரும்பகுதி சி4. அருகம்புல் சி4, கோரைக்கிழங்கு சி4. ஒரு மாடு வாழ்நாளில் ஒரு சோளத்தட்டையைக்கூடப் பார்க்காமல் இருந்தாலும் அதன் பல்லில் சி4 மதிப்பு இருக்கும். அந்த மாட்டின் பாலையும் மோரையும் குடித்து நெல்லுச்சோறு தின்றவர் எலும்பிலும் சி4 சாயல் ஏறும். ஆக, ஒரு மனித எலும்பில் சி4 மதிப்பு வந்தவுடன் 'இவர் கேழ்வரகு தின்றார்' என்று எழுதுவது பிழை. இந்த வழிகாட்டியில் வேறெதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கீழே வரும் படிகளில் பாதி, இந்த ஒரு குழப்பத்தைப் பிரித்தெடுக்கத்தான்.

படி 1: கேள்வியைச் சுருக்குங்கள்

'பழந்தமிழர் உணவு' என்பது கேள்வி ஆகாது. 'இந்த ஊர்க் குழியில் கிடைத்த மாடுகள் அறுவடைக்குப் பின் வைக்கோலும் தாளும் தின்றனவா?' என்பது கேள்வி. 'இந்தக் கிடை ஆடுகள் ஓராண்டுக்குள் செம்மண் பகுதியை விட்டு வெளியே போயினவா?' என்பதும் கேள்வி. ஆம், இல்லை என்று விடை வரக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அந்த விடைக்கு எந்த எண் வர வேண்டும் என்று ஆய்வுக்கு முன்பே எழுதி வையுங்கள். எண் வந்த பிறகு கதை கட்டும் ஆசையை அடக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது, மனிதரை விட்டுவிட்டு ஆடு மாட்டில் ஆரம்பியுங்கள் என்பதே. விலங்குப் பல் கிடைப்பது எளிது, அனுமதியும் எளிது. தவிர, ஆடு மாட்டின் மதிப்பு தெரியாமல் மனிதரின் மதிப்பைப் படிக்கவே முடியாது.

படி 2: அனுமதி

வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ வரப்பு வெட்டும்போதோ முதுமக்கள் தாழி தட்டுப்பட்டால் கை வைக்காதீர்கள். கிராம நிர்வாக அலுவலருக்கோ தாசில்தாருக்கோ தகவல் சொல்லுங்கள். அகழாய்வில் வந்த பொருளில் பல்லைத் துளைப்பது, எலும்பைக் கரைப்பது எல்லாம் மாதிரியை அழிக்கும் ஆய்வு. அகழ்ந்த துறையிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். எடுப்பதற்கு முன் பல்லை எல்லாப் பக்கமும் படம் பிடித்து, அளந்து, அச்சு எடுத்து வைப்பது குறைந்தபட்ச மரியாதை.

காட்டு விலங்கு, பறவை என்றால் கீழே கிடக்கும் இறகைக்கூட வனத்துறையின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் ஆய்வுக்கு எடுக்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. உயிரோடு இருக்கும் மனிதரின் முடி, நகம் என்றால் கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதலும் அவரவர் சம்மதமும் வேண்டும்.

படி 3: அடித்தளம் — இதற்குத்தான் அதிக நேரம்

பழைய பல்லைத் தொடுமுன், இன்றைய செட்டிநாட்டில் எது எந்த மதிப்பு காட்டுகிறது என்று ஓர் அட்டவணை வேண்டும். இதற்கு அடித்தளம் என்று பெயர். வேறு நாட்டுக் கட்டுரையில் இருந்து எண்ணை எடுத்து ஒட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

தாவரங்களில் இருந்து தொடங்குங்கள். சம்பா நெல், அதன் வைக்கோல், அறுத்த தாள். கேழ்வரகு, கம்பு, சோளம், வரகு, அவற்றின் தட்டை. உளுந்து, துவரை, கொள்ளு. அருகு, கோரை, கண்மாய்க் கரைப் புற்கள். வேலமரம், வேம்பு, ஆல், அரசு இலைகள். சீமைக்கருவேலங்காயையும் எடுங்கள், இன்றைய வெள்ளாட்டுக்கு அது முக்கியத் தீவனம், அதுவும் சி3. ஆனால் பழங்காலக் கணக்கில் அதைச் சேர்க்காதீர்கள், பின்னால் வந்த மரம். மிளகாய், நிலக்கடலை, மக்காச்சோளத்துக்கும் இதேதான். சப்பாத்திக்கள்ளி, கற்றாழை இரண்டும் மூன்றாவது ஒரு வழியில் ஒளிச்சேர்க்கை செய்பவை. அவற்றின் மதிப்பு சி4-ஐ ஒட்டி வரலாம். எண்ணிக்கையில் சிறியவை என்றாலும் ஆடு கடிக்கிற இடமாக இருந்தால் ஒரு மாதிரி எடுத்து வையுங்கள்.

நைட்ரஜனுக்கு வயலைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். யூரியா காற்று நைட்ரஜனில் இருந்து தயாராவதால் அதன் மதிப்பு சுழியை ஒட்டியே இருக்கும். அது விழுந்த வயலின் நெல் பழங்கால நெல்லுக்குச் சாட்சி ஆகாது. நமக்கு வேண்டியது கிடை போட்ட வயல். அறுவடைக்குப் பின் ஆட்டுக்கிடையோ மாட்டுக்கிடையோ மடக்கி, சாணமும் மூத்திரமும் இறங்கிய நிலத்தில் நைட்ரஜன்-15 கூடும். காரணம் எளிது: சாணமும் மூத்திரமும் அம்மோனியாவாக ஆவியாகும்போது இலேசான நைட்ரஜன்-14 முதலில் பறந்துவிடும், கனமானது மண்ணில் தங்கும். ஐரோப்பிய வயல்களில் தொடர்ந்து எரு போட்ட தானியத்தில் பல ‰ ஏற்றம் பதிவாகி இருக்கிறது. சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களில் இன்றும் கிடை போடுபவர்கள் இருப்பதால், கிடை போட்ட வயல், போடாத வயல், யூரியா வயல் மூன்றையும் பக்கத்துப் பக்கத்தில் எடுத்து ஒப்பிட முடியும். இந்த ஒப்பீடு மட்டுமே ஒரு நல்ல முதுகலை ஆய்வேடு ஆகும். பயறு வகைகள் காற்று நைட்ரஜனை நேராக எடுப்பதால் அவையும் சுழியை ஒட்டி நிற்கும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து விலங்கு. தலைக்கறி விற்கும் கடையில் கீழ்த்தாடையைக் கேட்டால் கொடுப்பார்கள். நெருப்பில் வாட்டிய தலை வேண்டாம், வாட்டுமுன் எடுத்த தாடை வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவையுங்கள். சூடு பட்ட பல் நம்பத்தகுந்தது அல்ல. 'அண்ணே, இந்த ஆடு எந்த ஊர்? சந்தையில் வாங்கியதா, பட்டியில் வளர்ந்ததா? என்ன தீவனம்?' என்று கேட்டு, அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதுங்கள். வாரச்சந்தை ஆடு எங்கிருந்து வந்தது என்று கடைக்காரருக்கே தெரியாமல் இருக்கலாம். அப்படிப்பட்ட தாடையை அடித்தளத்தில் சேர்க்காதீர்கள். நல்ல வழி, கிடைக்காரர் ஒருவரிடம் பழகி, இயற்கையாகச் செத்த ஆடு மாட்டின் தாடையை வாங்குவது. புலிக்குளம் மாட்டுக் கிடை வைத்திருப்பவர்களுக்கு எந்த மாதத்தில் எந்தப் பொட்டல், எந்தக் கண்மாய் என்று மனப்பாடமாகத் தெரியும். அந்த மாதக் கணக்கை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பல்லின் மேலிருந்து கீழாக மதிப்பு ஏறி இறங்கும் அலையைப் படிக்க அதுதான் திறவுகோல்.

தாடையை வேகவைக்காமல் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்துச் சதையைச் சுரண்டி, நிழலில் காயவையுங்கள். ஊர், தேதி, ஆணா பெண்ணா, வயது, தீவனம் எழுதிய சீட்டு உறைக்குள் ஒன்று, வெளியே ஒன்று.

படி 4: எந்த உறுப்பு, எந்தக் காலம்

பெரியவர்களின் எலும்பு கடைசிப் பத்துப் பதினைந்து ஆண்டு உணவின் சராசரி. பல்லின் கெட்டியான மேற்பூச்சான எனாமல் உருவான பிறகு மாறாது. அதனால் அது குழந்தைப் பருவப் பதிவு. மனிதரில் முதல் கடைவாய்ப் பல் பிறப்பில் இருந்து மூன்று வயது வரை, ஞானப்பல் ஏழெட்டு வயதுக்கு மேல். தலைமுடி மாதம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும் என்பதால் ஒரு சென்டிமீட்டர் துண்டு ஒரு மாதக் கணக்கு.

இங்கே ஒரு நடைமுறை உண்மை. வெப்பமும் ஈரமும் மாறி மாறி வரும் மண்ணில் எலும்பின் புரதமான கொலாஜன் சீக்கிரம் அழியும். செம்புறாங்கல் பகுதியின் அமிலத்தன்மை எலும்பையே கரைத்துவிடும். ஆனால் எனாமல் கிட்டத்தட்ட 96 சதவீதம் கனிமம், அது நிலைக்கும். ஆகவே செட்டிநாட்டில் பல்லை நம்பித் திட்டமிடுங்கள்; எலும்பில் கொலாஜன் கிடைத்தால் அது கூடுதல் லாபம். சிவகங்கை மாவட்டத்திலேயே கீழடியின் ஈமக்காடான கொந்தகையில் தாழிகளுக்குள் மனித எலும்புகள் கிடைத்திருக்கின்றன. கீழடியில் கிடைத்த விலங்கு எலும்புகளில் மாடு, எருமை, ஆட்டோடு நீலமான், வெளிமான், காட்டுப்பன்றி, மயில் ஆகியவையும் அடையாளம் காணப்பட்டன. மாடும் வெளிமானும் புல் மேய்பவை, வெள்ளாடு இலை கடிப்பது. இப்படி ஒரே இடத்தில் இரண்டு வகையும் கிடைப்பது அடித்தளத்துக்குப் பெரிய உதவி.

எரித்த எலும்பில் கொலாஜன் இராது, எனாமலும் சிதறிவிடும். ஆனால் வெள்ளையாகும் வரை வெந்த எலும்பு, நடமாட்டத்தைக் காட்டும் ஸ்ட்ரான்சியத்தை (படி 9) நன்றாகக் காப்பாற்றும். சாம்பல் தாழி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

படி 5: பல்லை வரிசையாகத் துளைத்தல்

மாட்டின் இரண்டாம் கடைவாய்ப் பல் சுமாராக முதல் ஆண்டில் உருவாகிறது. மூன்றாவது ஏறக்குறைய ஒன்பதாம் மாதத்தில் தொடங்கி இரண்டு வயது வரை. முதல் கடைவாய்ப் பல்லில் பெரும்பகுதி தாய் வயிற்றிலும் பால் குடிக்கும் காலத்திலும் உருவாவதால் அதைத் தவிர்த்துவிடுங்கள். எனாமல் பல்லின் மேல்நுனியில் தொடங்கிக் கீழே வேர் நோக்கி வளர்கிறது. ஆகவே மேலே பழைய மாதம், கீழே புதிய மாதம். கிழட்டு மாட்டில் பாதிப் பல் தேய்ந்து, முதல் மாதங்களின் பதிவும் அதோடு போயிருக்கும். தேய்மானம் குறைந்த பல்லை எடுங்கள்.

மாட்டுப் பல்லின்மேல் சிமென்டம் தடிப்பாகப் படிந்திருக்கும். பழுப்பு நிறமும் மங்கலுமாக இருக்கும் அதை முழுக்கச் சுரண்டி, கண்ணாடி மாதிரி பளபளக்கும் எனாமல் தெரியும் வரை தேய்க்க வேண்டும். பல் மருத்துவர் பயன்படுத்தும் வைரத்தூள் பதித்த முனையைக் குறைந்த வேகத்தில் ஓட்டுங்கள். வேகம் கூடினால் சூடேறும். பல்லின் குறுக்காக ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் கோடு, ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் அடுத்த கோடு. மேலிருந்து வேர்க்கழுத்து வரை. ஒவ்வொரு கோட்டிலும் 5 முதல் 8 மில்லிகிராம் தூள் கிடைத்தால் போதும். கீழே விரித்த மெழுகுக் காகிதத்தில் வெள்ளைத் தூள் விழும். மஞ்சள் சாயல் தெரிந்தால் எனாமலுக்கு அடியில் உள்ள டென்டினுக்குள் இறங்கிவிட்டீர்கள். அந்தத் தூளை ஒதுக்கிவையுங்கள். ஒவ்வொரு கோட்டுக்கும் காகிதத்தை மாற்றி, முனையை எத்தனாலில் கழுவ வேண்டும். கோட்டின் தூரத்தை வேர்க்கழுத்தில் இருந்து அளந்து எழுதுங்கள், மேல்நுனியில் இருந்து அல்ல. நுனி தேய்ந்துபோகும், கழுத்து நகராது.

தூளில் ஒட்டிய கரிமப் பொருளை நீக்க 2 முதல் 3 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டில் ஒரு நாள், கழுவி, மண்ணில் இருந்து ஏறிய கார்பனேட்டை நீக்க 0.1 மோலார் அசிட்டிக் அமிலத்தில் நான்கு மணி நேரம், மறுபடி கழுவி உலர்த்தல். கழுவுவதிலும் கரைவதிலும் எடை நன்றாகக் குறையும் என்பதைக் கணக்கில் வைத்துத் துளையுங்கள். இந்தச் செய்முறையில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் கருத்து வேறுபாடு உண்டு. எதை எடுத்தாலும் பழைய பல், இன்றைய பல் இரண்டுக்கும் ஒரே முறை.

எனாமல் ஒரே நாளில் கெட்டிப்படுவதில்லை. முதலில் மென்மையாக உருவாகி, பின்னால் மாதக்கணக்கில் கனிமம் ஏறும். அதனால் பல்லில் தெரியும் அலை, உண்மையான பருவ மாற்றத்தைவிட மழுங்கித்தான் இருக்கும். அலையின் உயரத்தை அப்படியே நம்பாமல், அதன் போக்கைப் படியுங்கள்.

படி 6: எலும்பில் கொலாஜன்

முதலில் எலும்பில் சிறிதளவு தூள் எடுத்து நைட்ரஜன் அளவைப் பாருங்கள். 0.7 சதவீதத்துக்குக் கீழே என்றால் பெரும்பாலும் கொலாஜன் வராது. அருமையான எலும்பை வீணாக்க வேண்டாம். தேறினால் அரை கிராம் முதல் ஒரு கிராம் வரை எடுத்து, மேற்பரப்பைத் தேய்த்து, 0.5 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் 4 டிகிரி குளிரில் போட்டு, அவ்வப்போது அமிலத்தை மாற்றுங்கள். சில நாளில் கனிமம் கரைந்து ரப்பர் போன்ற துண்டு மிஞ்சும். 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் மண்ணின் பழுப்பு நிறத்தை நீக்கி, pH 3 உள்ள அமில நீரில் 70, 75 டிகிரியில் இரண்டு நாள் வைத்தால் ஜெலட்டினாகக் கரையும். வடிகட்டி, உறைநிலையில் உலர்த்த வேண்டும்.

தரச் சோதனை கட்டாயம். கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள அணு விகிதம் 2.9 முதல் 3.6-க்குள் இருக்க வேண்டும்; கொலாஜன் எடை எலும்பின் எடையில் ஒரு சதவீதமாவது வர வேண்டும். விகிதம் வெளியே போனால் அந்த எண்ணை வைத்து எதுவும் எழுதாதீர்கள், எவ்வளவு ஆசையாக இருந்தாலும்.

படி 7: ஆய்வகம்

இந்தியாவில் இந்த இயந்திரம், அதாவது ஐசோடோப் விகித நிறை நிறமாலைமானி, உள்ள இடங்கள் பல: அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகம், லக்னோ பீர்பால் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனம், ஹைதராபாத் தேசிய புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனம். எழுதிக் கேட்கும்போது எத்தனை மாதிரி, என்ன பொருள், என்ன எடை என்று தெளிவாகச் சொல்லுங்கள். கொலாஜன் என்றால் அரை முதல் ஒரு மில்லிகிராம் வரை வெள்ளீயக் குப்பியில் மடித்து அனுப்புவது வழக்கம். பத்துக்கு ஒன்றாவது இரட்டை மாதிரியாக, ஆய்வகத்துக்குத் தெரியாத எண்ணில் அனுப்புங்கள். கார்பனில் 0.1‰, நைட்ரஜனில் 0.2‰ அளவுக்குள் இரண்டும் ஒத்து வர வேண்டும்.

படி 8: கணக்கு

புல் தின்னும் பெரிய விலங்கின் எனாமல், தின்ற தீவனத்தைவிடக் கார்பனில் சுமார் 14‰ கூடுதலாக இருக்கும். கொலாஜன் சுமார் 5‰ கூடுதல். செடி, அதைத் தின்னும் விலங்கு, அந்த விலங்கைத் தின்பவர் என்ற உணவுச்சங்கிலியில் நைட்ரஜன் ஒவ்வொரு கட்டத்துக்கும் 3 முதல் 5‰ ஏறும்.

ஒரு பழைய மாட்டுப் பல்லின் எனாமல் −4‰ என்று வருவதாக வைத்துக்கொள்வோம். பதினான்கைக் கழித்தால் தீவனம் −18‰. சி3 முனை −27, சி4 முனை −13 என்று எடுத்தால், இரண்டுக்கும் நடுத் தூரம் 14. −27-இல் இருந்து −18 வரை 9. ஒன்பதைப் பதினான்கால் வகுத்தால் சி4 தீவனம் 64 சதவீதம்.

இதில் ஒரு தவறு ஒளிந்திருக்கிறது. −27, −13 இரண்டும் இன்றைய செடிகளின் மதிப்பு. நிலக்கரியும் பெட்ரோலியமும் எரிந்து காற்றின் கார்பன் மதிப்பு தொழிற்புரட்சிக்கு முன் இருந்த −6.5-இல் இருந்து −8-க்கும் கீழே இறங்கிவிட்டது. செடிகளும் அதோடு இறங்கிவிட்டன. பழைய செடிக்கு ஏறக்குறைய 1.5‰ கூட்ட வேண்டும். அப்படியானால் முனைகள் −25.5, −11.5. இப்போது 7.5-ஐப் பதினான்கால் வகுத்தால் 54 சதவீதம். ஒரு திருத்தத்தை விட்டதால் பத்து சதவீதம் நகர்ந்துவிட்டது. முனையை 1‰ மாற்றினாலே விடை ஏழு சதவீதம் வரை ஆடும். அதனால் '54 சதவீதம்' என்று எழுதாதீர்கள், 'ஏறக்குறைய பாதி' என்று எழுதுங்கள். பல உணவு மூலங்கள் இருந்தால் ஆர் என்ற நிரல்மொழியில் இயங்கும் மிக்ஸ்சியார் போன்ற கலவைக் கணிப்புகள் உண்டு. அவை பிழை எல்லையோடு விடை தரும். ஆனால் அடித்தளம் தப்பாக இருந்தால் அவையும் தப்பைத்தான் அழகாக அச்சடித்துத் தரும்.

மனிதருக்கு வருவோம். புல் மேய்ந்த மாட்டின் மோரும் நெல்லுச்சோறும் சாப்பிட்டவரையும் கேழ்வரகுக் கூழும் பயறும் சாப்பிட்டவரையும் எப்படிப் பிரிப்பது? கொலாஜனின் கார்பன் பெரும்பாலும் உணவின் புரதத்தில் இருந்து வருகிறது. எனாமலிலும் எலும்பின் கனிமத்திலும் உள்ள கார்பன் மாவுச்சத்து, கொழுப்பு, புரதம் என்று மொத்த உணவையும் காட்டுகிறது. நெல்லும் மோரும் என்றால் கொலாஜனில் சி4 சாயல், கனிமத்தில் சி3 சாயல். கேழ்வரகும் பயறும் என்றால் நேர்மாறு: கனிமத்தில் சி4, கொலாஜனில் அவ்வளவு இல்லை. அதோடு பயறு தின்றவரின் நைட்ரஜன் தாழ்ந்தும் பால் குடித்தவரின் நைட்ரஜன் உயர்ந்தும் இருக்கும். இரண்டையும் அளந்தால்தான் விடை. ஒன்று மட்டும் கிடைத்தால் 'இரண்டில் எதுவாகவும் இருக்கலாம்' என்று எழுதுவதே நேர்மை.

தொண்டிப் பக்கத்துக் கடல்மீனும் கருவாடும் இன்னொரு குழப்பம். கடல்மீனின் கார்பன் சி4 பக்கம் சாயும். அதைக் காட்டிக்கொடுப்பது நைட்ரஜன். கடல் உணவுச்சங்கிலி நீளம் என்பதால் அது நன்றாக ஏறியிருக்கும்.

செட்டிநாட்டுச் சமையல் என்றதும் நினைவுக்கு வரும் மிளகும் கல்பாசியும் பட்டையும் இந்த முறையில் தெரியவே தெரியாது. உடலைக் கட்டும் அளவுக்கு அவை உள்ளே போவதில்லை. ஐசோடோப் சொல்வது எந்த வகை உணவு எவ்வளவு என்ற விகிதம். எப்படிச் சமைத்தார்கள் என்பதற்குப் பானை ஓட்டில் ஊறிய கொழுப்பைத்தான் கேட்க வேண்டும். அதில் பால் கொழுப்பையும் இறைச்சிக் கொழுப்பையும் பிரிக்கக் கார்பன் ஐசோடோப்பே உதவுகிறது.

படி 9: எங்கே போனது?

நடமாட்டத்துக்கு மூன்று சாட்சிகள்.

ஆக்சிஜன் முதலாவது. தண்ணீர் ஆவியாகும்போது இலேசான ஆக்சிஜன்-16 முதலில் போகும். சித்திரை, வைகாசியில் வற்றும் கண்மாயிலும் ஊருணியிலும் எஞ்சிய நீரில் ஆக்சிஜன்-18 ஏறியிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை நிரப்பும்போது மதிப்பு இறங்கும். மாடு நிறையத் தண்ணீர் குடிப்பதால் இந்த ஏற்ற இறக்கம் அதன் பல்லில் பதியும். வெள்ளாடு இலையின் ஈரத்தையும் நம்பி வாழ்வதால் அதில் தெளிவு குறைவு. அடித்தளத்துக்கு மாதம் ஒருமுறை ஒரே கண்மாயில் இருந்து தண்ணீரைக் காற்றுக்குமிழி இல்லாமல் சிறு குப்பியில் நிரப்பி மூடி வையுங்கள். இந்த ஆக்சிஜன் அலையைப் பருவ நாட்காட்டியாக வைத்துக்கொண்டு, அதே தூளில் வரும் கார்பன் அலையை அதன் பக்கத்தில் வரையுங்கள். தை, மாசியில் நெல் தாள் மேய்ந்த கிடையானால் அந்த இடத்தில் கார்பன் சி3 பக்கம் இறங்கியிருக்க வேண்டும்.

இரண்டாவது ஸ்ட்ரான்சியம். ருபிடியம்-87 சுமார் 4,900 கோடி ஆண்டு அரை ஆயுளில் ஸ்ட்ரான்சியம்-87 ஆக மாறுகிறது. அதனால் பழைய, ருபிடியம் மிகுந்த பாறையில் ஸ்ட்ரான்சியம்-87-க்கும் 86-க்கும் உள்ள விகிதம் கூடுதல். இன்றைய கடல்நீரில் அது 0.7092. திருமயம், குன்றக்குடி, பிள்ளையார்பட்டிக் குன்றுகளின் பழம்பாறை, காரைக்குடிச் செம்புறாங்கல்லும் மணற்கல்லும், கிழக்கே கடலோர வண்டல், வடக்கே காவிரி வண்டல் எல்லாம் வெவ்வேறு விகிதம் காட்ட வாய்ப்புள்ளவை. அறுவடைக்குப் பின் நம் பக்கத்துக் கிடைகள் தஞ்சை டெல்டாவுக்குப் போவது இன்றும் நடக்கிறது. பழங்காலத்திலும் போயினவா என்பதற்குப் பல்லின் ஸ்ட்ரான்சியம் விடை சொல்லக்கூடும். அரப்பா, ஃபர்மானா ஈமக்காடுகளின் பற்களில் ஈயம், ஸ்ட்ரான்சியம் அளந்து, சிறுவயதில் வெளியில் இருந்து வந்தவர்களை அடையாளம் கண்ட ஆய்வு 2015-இல் வெளிவந்தது. அதே வழி இங்கும் செல்லும்.

ஸ்ட்ரான்சியம் அடித்தளத்துக்கு உரம் விழாத இடம் வேண்டும், உரத்தில் வெளியூர் ஸ்ட்ரான்சியம் இருக்கும். நம் ஊர்களின் கோயில் காடுகள் இதற்குத் தோதானவை. ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு, உதிர்ந்த இலையும் செத்த நத்தையின் ஓடும் எடுத்தால் போதும். மனிதரிடம் இன்னொரு எச்சரிக்கை: கடலுப்பும் கருவாடும் நிறையச் சாப்பிட்டவரின் மதிப்பு 0.7092 பக்கம் இழுக்கப்படும். அவர் கடற்கரையில் பிறந்தவர் என்று முடிவு கட்டக் கூடாது.

மூன்றாவது ஹைட்ரஜன், பறவைகளுக்கு. மழைநீரின் ஹைட்ரஜன் மதிப்பு கடலில் இருந்து உள்ளே போகப்போகவும், உயரம் ஏற ஏறவும், வடக்கே போகப்போகவும் இறங்கும். இறகு முளைத்த இடத்து நீரின் அடையாளம் அதில் உறைந்துவிடும். திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டிக் கண்மாய்களுக்கு வரும் பறவைகளுக்காக ஊர்மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கே வனத்துறை அனுமதியோடு செய்தால் எந்தப் பறவை எங்கே இறகு உதிர்த்து முளைத்தது என்ற கேள்வி அருமையானது. அந்தப் பறவையினம் எந்த மாதத்தில் இறகு மாற்றும் என்று தெரிந்த பிறகே தொடங்குங்கள்.

படி 10: எழுதுவது

கட்டுரையில் கட்டாயம் இருக்க வேண்டியவை: மாதிரி எந்தக் குழி, எந்த மண் அடுக்கு; எந்தப் பல், எவ்வளவு தேய்மானம்; செய்முறையின் ஒவ்வொரு அமிலமும் நேரமும்; தரச் சோதனை எண்கள், தேறாதவையும் சேர்த்து; எந்த முனை மதிப்பை எடுத்தீர்கள், காற்றுத் திருத்தம் எவ்வளவு; பிழை எல்லை. திருத்திய எண்ணை மட்டும் கொடுக்காமல் இயந்திரம் தந்த மூல எண்ணையும் கொடுங்கள். நாளை திருத்த முறை மாறினால் மற்றவர் மறுபடி கணக்கிட வேண்டுமே.

மிச்சத் தூளையும் துளைத்த பல்லின் மறுபாதியையும் சீட்டோடு அதே துறையிடம் திருப்பிக் கொடுங்கள். நெல், கேழ்வரகு, அருகு, கிடை வயல், கண்மாய்த் தண்ணீர் என்று நீங்கள் எடுத்த அடித்தள எண்களைத் தனி அட்டவணையாகப் பொதுவில் வையுங்கள். தேவகோட்டையில் இருந்து அடுத்துத் தொடங்குபவர் மறுபடி தலைக்கறிக் கடையில் இருந்து ஆரம்பிக்காமல், நேராகப் பல்லுக்கு வந்துவிடலாம்.